லோடர் தூக்கவில்லை என்றால் முதலில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டுங்கள்

டிராக்டரின் முன்னால் பக்கெட்டில் மண் அள்ளித் தூக்கும் லோடர் பாரம் தூக்க மறுத்தால் எங்கள் ஆனைமலைப் பக்கம் உடனே வரும் தீர்ப்பு, “பம்ப் போய்விட்டது” என்பதுதான். பம்ப் மாற்றுவார்கள். அதன் பிறகும் பக்கெட் அரைத் தூக்கில் நின்று முனகும். அடுத்து சீல் கிட், அதாவது சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் வால்வு. இந்த மூன்றையும் வரிசையாக மாற்றியும் பழைய நிலையிலேயே வண்டியை நிறுத்தியிருப்பவர்களை எனக்குத் தெரியும். இப்படிப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென்னையில் வேர் வாடல் நோய் வந்த பிறகு எங்கள் பகுதியில் சிறிய டிராக்டருக்கும் லோடருக்கும் வேலை கூடிவிட்டது. வெட்டிய மரங்களைத் துண்டு போட்டு வெளியேற்ற வேண்டும், வேர்க்கட்டைகளைத் தள்ள வேண்டும், குழிகளுக்கு எருவும் வண்டலும் கொண்டுபோக வேண்டும். இருபத்தைந்து முப்பது குதிரைத் திறன் வண்டி இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே நுழைந்து திரும்பிவிடும். பெரிய இயந்திரம் உள்ளே வந்தால் வாய்க்காலும் சொட்டுநீர்க் குழாயும் போய்விடும். ஆகவே இந்தச் சின்ன லோடர் ஒருநாள் நின்றாலும் வேலை நிற்கிறது. அந்த அவசரத்தில்தான் தவறான உதிரிப்பாகம் வாங்குகிறோம்.

தோட்டத்துக்குத் திரும்புவதற்கு முன்பு கோவை பீளமேட்டில் ஒரு பம்ப்செட் ஆலையில் சோதனை மேடையில் வேலை பார்த்தவன் நான். எத்தனை மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் உயரம்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் டிஸ்சார்ஜ் (வெளியே வரும் அளவு) என்ற இரண்டையும் எழுதாமல் எந்தப் பம்பும் வாசலைத் தாண்டாது. தண்ணீரானாலும் ஆயிலானாலும் கேட்க வேண்டிய கேள்வி அதே இரண்டுதான்: அழுத்தம் குறைகிறதா, ஓட்டம் குறைகிறதா? லோடரின் நோய்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலேயே பாதி அவிழ்ந்துவிடும்.

பலம் அழுத்தத்திலிருந்து வருகிறது. 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 140 பார் அழுத்தம் (ஒரு பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) விழுந்தால் பிஸ்டனோடு சேர்ந்த ராடு ஏறத்தாழ 2,800 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். சிலிண்டர், பக்கெட்டைத் தாங்கும் லோடர் கையின் கீல் பக்கத்தில் அமர்ந்திருக்கிறது, பக்கெட்டோ கையின் நுனியில் இருக்கிறது. அதனால் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தள்ளினாலும் பக்கெட்டில் நமக்குக் கிடைப்பது சில நூறு கிலோதான். அழுத்தம் 85 பாருக்கு இறங்கினால் அதிலும் ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். வெறும் பக்கெட் அப்போதும் ஒழுங்காகவே ஏறும். ஈரமண் நிரப்பினால் அசையாது.

வேகம் ஓட்டத்திலிருந்து வருகிறது. ஒரு சுற்றுக்கு 10 மில்லிலிட்டர் தள்ளும் கியர் பம்ப், 2,000 சுற்று வேகத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும். மேலே சொன்ன அளவில் 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்) உள்ள இரண்டு சிலிண்டர்களை நிரப்ப ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் வேண்டும். கணக்குப்படி ஐந்து நொடிக்குள் கை முழுக்க ஏறிவிட வேண்டும். இன்ஜினை 800 சுற்றில் வைத்துக்கொண்டு லிவரை இழுத்தால் பன்னிரண்டு நொடி ஆகும், அது கோளாறு அல்ல. முடுக்கிய பிறகும் வெறும் பக்கெட் ஊர்ந்துகொண்டே ஏறினால்தான் ஓட்டம் குறைகிறது என்று கொள்ள வேண்டும்.

உங்கள் டிராக்டரின் பம்ப் எத்தனை லிட்டர் தர வேண்டும், அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலை டாங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் தொலைந்துவிட்டால் மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் டிராக்டர்களைச் சோதித்து அவர்கள் வெளியிடும் அறிக்கைகளில் ஹைட்ராலிக் பகுதிக்கென்றே தனி இடம் உண்டு. லோடரைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தால் அதன் வால்வுக்கான அளவை அதைச் செய்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

சமீபத்தில் எங்கள் உறவில் ஒரு தம்பியின் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன்.

“மாமா, காலையில் ஒருமாதிரி தூக்கிவிடுகிறது. பதினொரு மணி ஆகிவிட்டால் நிறைந்த பக்கெட்டோடு மல்லுக்கட்டுகிறது. ஒர்க்‌ஷாப்பில் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். ஆர்டர் போட்டுவிடட்டுமா?”

“கொஞ்சம் பொறு, மாப்பிள்ளை. வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.”

முதலில் ஆயில் மட்டம். இதற்கு ஒரு முறை இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, லோடர் கையைக் கீழே இறக்கி, பின்பக்க லிஃப்டையும் இறக்கிவிட்டுத்தான் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். கை மேலே இருக்கும்போது பார்த்தால் சிலிண்டருக்குள் கூடுதல் ஆயில் இருக்கும், மட்டம் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் கை இறங்கியதும் மட்டம் எல்லைக்கு மேல் போய்விடும். தம்பியின் வண்டியில் மட்டம் சரி. நிறம் தேன் நிறம். நுரை இல்லை, பால் போன்ற கலங்கல் இல்லை.

அடுத்து சத்தம். இன்ஜினை முடுக்கி லிவரை அசைத்துக் கேட்டேன். பம்ப் பக்கத்திலிருந்து கீச்சென்ற ஊளை வரவில்லை. ஊளை வந்திருந்தால் உறிஞ்சும் பக்கம் பட்டினி கிடக்கிறது என்று பொருள். ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும் அல்லது ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மேலும் அடைப்பு இருந்தால் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில்தான் தொல்லை அதிகம் தெரியும். சூடேறிய பிறகு மோசமாவது எங்கோ உள்ளுக்குள் கசிவதன் அடையாளம். சூடான ஆயில் நீர்த்துப்போய் சின்ன இடுக்கிலும் ஓடிவிடும்.

மூன்றாவதாக, பின்பக்க லிஃப்டில் மாட்டியிருந்த ரோட்டவேட்டரைத் தூக்கச் சொன்னேன். அதுவும் திணறித்தான் ஏறியது. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், ஆனால் எவ்வளவோ சொல்லிவிடும். சிறிய டிராக்டர்களில் பெரும்பாலும் ஒரே பம்பின் ஆயில்தான் முதலில் லோடர் வால்வுக்குப் போய், அதன் வழியாகப் பின்னால் லிஃப்டுக்குப் போகிறது. பாரமான கருவியைப் பின் லிஃப்ட் தயங்காமல் தூக்கினால் பம்ப் நன்றாக இருக்கிறது, லோடர் வால்வின் வாயிலில் இருக்கும் ரிலீஃபும் நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கப்பால், லோடரின் ஹோஸிலோ சிலிண்டரிலோ, வால்வுக்குள் நகர்ந்து ஆயிலின் திசையை மாற்றும் ஸ்பூல் என்ற தண்டிலோ இருக்கும். இரண்டுமே திணறினால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது: உறிஞ்சும் பக்கம், பம்ப், ரிலீஃப். லோடருக்கென்று தனி டாங்கும் தனி பம்பும் வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை உதவாது.

ஆக, மூன்றில் ஒன்று. உறிஞ்சும் பக்கம் அமைதியாக இருப்பதால் மிச்சம் இரண்டு. இப்போதுதான் கேஜ்.

கிளிசரின் நிரப்பிய 0–250 பார் கேஜ் ஒன்றைச் சிறிய ஹோஸோடும், கையாலேயே மாட்டிக் கழற்றும் குவிக் கப்பிளரோடும் சேர்த்து வைத்திருக்கிறேன். பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, லிவரை எல்லாத் திசையிலும் ஆட்டி அடைபட்ட அழுத்தத்தை விட்டபின், பக்கெட் சிலிண்டருக்குப் போகும் ஒரு கப்பிளரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்ட வேண்டும். பிறகு இன்ஜினை இயக்கி 2,000 சுற்றில் வைத்து, அந்தத் திசைக்கு லிவரைப் பிடித்தால் ஆயிலுக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு திறக்கும். முள் நிற்கும் இடம்தான் உங்கள் லோடரின் உண்மையான பலம். மூன்று நான்கு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். 140 பாரில் 20 லிட்டர் ரிலீஃப் வழியாகப் பாய்ந்தால் ஏறத்தாழ 4.7 கிலோவாட், அதாவது ஆறு குதிரைத் திறனுக்கு மேல், முழுவதும் ஆயிலைச் சூடாக்குவதிலேயே போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கேஜை ரிலீஃபுக்கு அப்புறம் உள்ள இடத்தில்தான் மாட்ட வேண்டும். பம்பின் வாயைக் கழற்றி அங்கே நேராகக் கேஜை மட்டும் அடைத்து இயக்கினால் அழுத்தத்தை விடுவிக்க எதுவும் இல்லை. கேஜ், ஹோஸ், பம்பின் உடல் இவற்றில் எது பலவீனமோ அது வெடிக்கும்.

தம்பியின் லோடருக்கு இருக்க வேண்டியது 140 பார். ஆயில் குளிர்ந்திருந்தபோது 125 காட்டியது. வெயிலில் வேலை பார்த்துச் சூடேறிய பின் அதே சுற்றில் 85. முள் அங்கேயே நடுங்கி நின்றது.

தேய்ந்த பம்பும் இப்படித்தான் காட்டும், மூடாத ரிலீஃபும் இப்படித்தான் காட்டும். இரண்டையும் கேஜால் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கழற்றி ஆராய ஒரு ஸ்பேனர் போதும், மற்றொன்றுக்கு வண்டியின் பக்கவாட்டையே பிரிக்க வேண்டும். எளிதானதை முதலில் பார்ப்பதே நியாயம்.

ரிலீஃப் வால்வின் உட்பாகமான கார்ட்ரிட்ஜில், லாக் நட்டுக்கு மேல் அழுத்தத்தை அமைக்கும் திருகு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதிவைத்துக்கொண்டேன். அந்தத் திருகைத் தொடாமல் கார்ட்ரிட்ஜை முழுதாக வெளியே எடுத்தோம். வால்வு இருக்கும் இடத்தை முன்பே டீசல் துணியால் துடைத்திருந்தோம். மண்ணோடு திறந்தால் வைத்தியமே நோயாகிவிடும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆயிலின் வழியை மூடும் கூம்பு வடிவப் பாப்பெட் தன் இருக்கையில் உட்கார வேண்டிய இடத்தில், நகநுனி அளவுகூட இல்லாத ஒரு வெள்ளை இழை நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. மரக்குச்சியால் நிமிர்த்தினால் நீண்டது, விட்டால் சுருண்டது. டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பிளம்பர்கள் திருகு மறைகளில் சுற்றுவார்களே, அதே டேப்.

தம்பியிடம் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் ஹோஸ் மாற்றியபோது மறையில் டேப் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். ஹைட்ராலிக் இணைப்புகளில் மறை வெறும் இறுக்கத்துக்கு மட்டுமே. கசிவைத் தடுப்பது கூம்பு முகமோ, ஓரிங் என்ற ரப்பர் வளையமோ, ரப்பர் ஒட்டிய டவுட்டி வாஷரோதான். டேப்புக்கு அங்கே வேலையே இல்லை. இறுக்கும்போது ஓரத்தில் வெட்டுப்பட்ட துணுக்கு ஆயிலோடு பயணப்பட்டு, குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஹோஸ் மாற்றும்போது பக்கத்தில் நின்று, டேப் சுற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இழையை எடுத்து, இருக்கையில் கீறல் இல்லை என்று பார்த்து, ஓரிங்குகளைப் புதிதாகப் போட்டு மாட்டினோம். சூடேறிய பின் 138. புதிய பம்புக்கு ஆர்டர் போகவில்லை. ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடச் சொன்னேன், மிச்சத் துணுக்குகள் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்பதால்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலம் போதவில்லை என்றதும் ரிலீஃபின் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே திருப்பிவிடுகிறார்கள். கேஜ் இல்லாமல் அந்தத் திருகைத் தொடவே கூடாது. அளவுக்கு மேல் ஏறிய அழுத்தம் முதலில் வெளியே தெரியாது. பிறகு கையின் வெல்டிங்கில் விரிசல் விழும், முன் அச்சு வளையும், பம்பின் ஆயுள் குறையும்.

பலமும் வேகமும் நன்றாக இருந்து, தூக்கி நிறுத்திய கை தானாக இறங்குகிறது என்பது வேறு வகைப் புகார். இதற்கு எல்லோரும் சொல்வது சிலிண்டர் சீல். ஆனால் அது பெரும்பாலும் சீல் அல்ல. ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

கையைத் தூக்கும் சிலிண்டரில் பாரம் ராடை உள்ளே அழுத்துகிறது. பிஸ்டன் சீல் கிழிந்தே போனதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் அடிப்பக்க ஆயில் ராடு பக்கத்துக்குப் போகலாம். ஆனால் ராடு உள்ளே நுழைய நுழைய சிலிண்டருக்குள் இடம் குறைகிறது. இரண்டு வாய்களும் வால்வில் இறுக மூடியிருந்தால் அந்த அளவு ஆயில் எங்கே போகும்? போக இடமில்லை. ஆகவே கை இறங்காது. உள்ளே அழுத்தம்தான் ஏறும். 50 மில்லிமீட்டர் பிஸ்டனும் 30 மில்லிமீட்டர் ராடும் என்றால் பாரத்தைத் தாங்கும் பரப்பு ராடின் பரப்பளவுக்குச் சுருங்கி, அழுத்தம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். ஆகவே கை நன்றாக இறங்குகிறது என்றால் ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறுகிறது. வெளியே ஒழுகவில்லை என்றால் அது வால்வின் ஸ்பூல் வழியாகத்தான் டாங்குக்குப் போகிறது.

ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவில் ரப்பர் சீல் கிடையாது. இரும்புக்குள் இரும்பு வழுக்கும் இடைவெளி மட்டுமே. அதனால் புதிய வண்டியிலும் கை மெதுவாக இறங்கத்தான் செய்யும். இரவு தூக்கி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் தரையில் இருப்பதில் வியப்பில்லை. அப்படி நிறுத்துவதே தவறு. கண் முன்னே சில நிமிடத்தில் இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் லிவர் நடுநிலைக்கு முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். லிவர் கம்பியின் மூட்டில் துருவும் மண்ணும் சேர்ந்து ஸ்பூலை அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கும். மிதவை நிலை உள்ள வால்வில் லிவரைக் கடைசிவரை முன்னே தள்ளினால் சிலிண்டரின் இரு பக்கமும் டாங்குக்குத் திறந்துவிடும். கை உடனே விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கெட் மட்டும் முன்னால் கவிழ்வது இதற்கு நேர் எதிரானது. பெரும்பாலான லோடர்களில் பக்கெட் கவிழும்போது ராடு வெளியே வருகிறது. பாரம் ராடை வெளியே இழுக்கிறது. சீல் கிழிந்திருந்தால் ராடு பக்கத்து ஆயில் அடிப்பக்கம் நழுவும். அடிப்பக்கத்தில் இடம் கூடிக்கொண்டே போகிறது, தடுக்க எதுவுமில்லை, வெற்றிடம் உண்டாகி ராடு வந்துகொண்டே இருக்கும். ஆக, கை இறங்கினால் முதலில் வால்வைச் சந்தேகப்படுங்கள், பக்கெட் கவிழ்ந்தால் முதலில் சீலைச் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தை உறுதி செய்ய எளிய வழி உண்டு. பக்கெட் சிலிண்டரை முழுவதும் நீட்டி, கையைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை விட்டு, ராடு பக்கத்து ஹோஸை மட்டும் சிலிண்டரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய ஹோஸின் வாயை அடைப்பானால் இறுக மூடிவிட்டு, சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே ஒரு டப்பா வையுங்கள். ஆள்கள் விலகி நிற்க, இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, நீட்டும் திசைக்கே லிவரைப் பிடியுங்கள். ராடு ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது, நகராது. முதலில் கொஞ்சம் சொட்டும், பிறகு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். லிவரைத் தவறியும் எதிர்த்திசைக்குத் தள்ளாதீர்கள்.

பலர் கோளாறு என்று நினைக்கும் இன்னொன்று கோளாறே அல்ல. நிறைந்த பக்கெட்டை வேகமாகக் கவிழ்த்ததும், தரையை அழுத்தப் போனால் பக்கெட் ஒரு கணம் அசையாமல் நின்று பிறகு தொடரும். மண்ணின் எடையால் பக்கெட் பம்பை முந்திக்கொண்டு விழுந்துவிட்டது, பின்னால் உண்டான வெற்றிடத்தைப் பம்ப் நிரப்பும் நேரம்தான் அது. மெதுவாகக் கவிழ்த்தால் வராது.

கை ஏறுகிறது, ஆனால் இறங்க மறுக்கிறது என்றால் ஹோஸைப் பாருங்கள். வெளியே புதிதுபோல இருக்கும் ஹோஸின் உள்ளே ரப்பர் உரிந்து, ஒரு நாக்கு போலத் தொங்கும். ஒரு திசையில் ஆயில் போகும்போது அது படுத்துக்கொள்ளும், திரும்பி வரும்போது நிமிர்ந்து அடைத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு தடவிப் பார்த்தாலும் தெரியாது. அதற்கு முன் குவிக் கப்பிளர் முழுதாக உள்ளே போய்ப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி மாட்டிய கப்பிளரும் அதே அறிகுறியைத்தான் காட்டும். வெயிலில் கிடந்த ஹோஸின் ஆயில் விரிந்து, கப்பிளர் உள்ளே போகவே மறுப்பதும் உண்டு. நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள், சுத்தியல் வேண்டாம்.

நெல் வயலில் சேற்றுழவுக்கும் போகும் வண்டியென்றால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். பல சிறிய டிராக்டர்களில் கியர், ஆயிலில் மூழ்கிய பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அச்சின் சீல் லேசாகத் தேய்ந்திருந்தாலும் சேற்றுநீர் உள்ளே போகும், ஆயில் பாலாக வெளுக்கும். பிரேக்கின் தேய்மானத் தூளும் அதே ஆயிலில் மிதந்து ஸ்ட்ரெய்னரில் படியும். மலிவாகக் கிடைக்கிறது என்று சாதாரண ஹைட்ராலிக் ஆயிலை இதில் ஊற்றினால் லோடர் வேலை செய்யும், பிரேக் கத்தத் தொடங்கும். புத்தகத்தில் சொன்ன டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயிலையே ஊற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கையால் கசிவைத் தேடாதிருப்பது. ஊசிமுனைத் துளையிலிருந்து 140 பாரில் பாயும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை தடுக்காது. வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை செத்துக்கொண்டே போகும். மஞ்சள் பற்று போட்டுக் காத்திருந்தால் விரலோ கையோ போய்விடலாம். அது அறுவைச் சிகிச்சைக்கான அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் பாய்ந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு நீண்ட அட்டைத் துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள், ஈரம் விழும் இடம் காட்டிக்கொடுக்கும். தூக்கிய லோடர் கைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் குனியக் கூடாது. சிலிண்டரை நம்பி நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

கேஜ் வாங்க நினைப்பவர்களுக்கு: கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகளில் கேட்டால் தேவையான இணைப்போடு சேர்த்தே செய்து தருவார்கள். உங்கள் லோடரின் கப்பிளர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பி.எஸ்.பி., மெட்ரிக், ஜே.ஐ.சி. என்ற வெவ்வேறு அளவுமுறை மறைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும், அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு போகும். கடையிலேயே கையால் கடைசிவரை திருகிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வாய்க்கும் தூசி மூடி கேளுங்கள். டேப் சுற்றித் தந்தால் பிரித்துவிடச் சொல்லி, டவுட்டி வாஷர் போட்டு வாங்குங்கள்.